ஏ.சி-யைத் தின்னும் உப்புக் காற்று... தூத்துக்குடியில் கடைக்கு ஏ.சி மாட்டும்போது என்னவெல்லாம் கவனிக்கணும்?

தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கமாக இருக்கும் ஏதாவது ஒரு கடையின் மொட்டை மாடிக்கு ஏறி, சில வருடங்கள் ஓடிய ஏ.சி-யின் அவுட்டோர் யூனிட்டைப் பின்பக்கமாகப் பாருங்கள். சீப்புப் பல் போல வரிசையாக நிற்க வேண்டிய அலுமினியத் தகடுகள் பல இடங்களில் காணாமல் போயிருக்கும். மிச்சம் இருக்கும் தகட்டில் விரலை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், விரல் நுனியில் வெள்ளை மாவு ஒட்டும். ஸ்டாண்டு போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை மட்டும் தனியாகக் கையோடு வரும்.

கீழே கடைக்குள் முதலாளிக்கு இது எதுவும் தெரியாது. முன்பு போல ஜில்லென்று இல்லை, கரன்ட் பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான் அவருக்குத் தெரியும். கம்பெனி சரியில்லை என்பார். அடுத்த தடவை வேறு பிராண்டு வாங்குவார். அதையும் அதே இடத்தில், அதே பழைய வயரில், அதே அவசரத்தில் மாட்டுவார்கள். அதுவும் சில வருடங்களில் அப்பளம் ஆகும்.

வெயில்தான் ஏ.சி-க்கு எதிரி என்று நினைக்கிறோம். முத்துநகரில் முதல் எதிரி உப்பு. அந்த உப்பு உள்ளே நுழைவது கம்பெனி செய்த இடத்தில் அல்ல, பெரும்பாலும் மாட்டியவர் கைபட்ட இடத்தில்: பைப் ஜாயின்ட், வயர் முனை, எர்த் குழி.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலை 26-ல் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அடுத்த பத்தே நாளில், ஆகஸ்ட் 4-ல், சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலையை முதலமைச்சர் திறந்துவைத்தார். ஊருக்கு ஆள் வரத்து கூடினால் ஹோட்டல், ஜவுளிக்கடை, கிளினிக், ஜிம் என்று எல்லாம் கூடும். ஏ.சி இல்லாமல் இன்று யாரும் ஷட்டரைத் தூக்குவதில்லை. கேஸெட், டக்டபிள், வி.ஆர்.எஃப் என்று வீட்டு ஏ.சி-யைவிடப் பல மடங்கு பெரிய யூனிட்டுகள் மாடிகளில் ஏறுகின்றன. ஒவ்வொன்றும் லட்சங்களில் விலை. பலர் அதைக் கடனில்தான் வாங்குகிறார்கள்.

உப்புக் கிண்ணம் ஏன் நசநசக்கிறது?

சமையலறையில் திறந்து வைத்த உப்பு மழைக்காலத்தில் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பித்துவிடும். கடலோர ஊரில் ராத்திரி நேரத்தில் அந்த அளவு ஈரம் சாதாரணம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் பறந்து வந்து அவுட்டோர் தகடுகளில் படிகின்றன. பகலில் காய்ந்து பொடியாக இருக்கும். ராத்திரி நசநசத்து உப்புத் தண்ணீராக மாறும். கடையைப் பூட்டி, ஏ.சி-யை அணைத்துவிட்டு எல்லோரும் தூங்கும்போதும் அரிப்பு வேலை ஓய்வதில்லை.

அவுட்டோர் யூனிட்டுக்குள் இருப்பது செம்புக் குழாய். அதைச் சுற்றி அலுமினியத் தகடு. இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் படித்த பேட்டரி இதுதான். அந்த பேட்டரியில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம். தகடு போனால் குழாயின் சூடு வெளியேற வழியில்லை. சூடு வெளியேறாவிட்டால் கம்ப்ரஸர் அதே குளிர்ச்சிக்கு இன்னும் கஷ்டப்பட்டு ஓட வேண்டும். கரன்ட் பில் ஏறுவது இப்படித்தான்.

இதற்காகவே கம்பெனிகள் தகட்டில் நீல நிறத்திலோ தங்க நிறத்திலோ பூச்சு பூசித் தருகின்றன. 'ப்ளூ ஃபின்' என்று பெயர் கேட்டவுடன் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் பூச்சின் தடிமனும் தரமும் கம்பெனிக்கு கம்பெனி மாறும். உப்புப் புகைச் சோதனையில் அது எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேளுங்கள். உலகம் முழுக்க இதற்கென்று பொதுவான சோதனை முறை இருக்கிறது. கேட்டால் எழுத்தில் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் நிறத்தை மட்டும் காட்டுவார்கள். மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் உரசி அந்தப் பூச்சு கீறினால், உப்பு முதலில் உட்காரப் போவது அந்தக் கீறலில்தான் என்பதையும் ஹெல்பர் தம்பிக்குச் சொல்லி வைப்பது நல்லது.

கொண்டலா, மேல்காற்றா?

அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது? மற்ற ஊர்களில் இது 'எங்கே இடம் இருக்கிறதோ அங்கே' என்று முடிந்துவிடும் கேள்வி. தூத்துக்குடியில் கடல் கிழக்கே. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று நேரே உப்பைக் கொண்டுவந்து கொட்டும். அப்படியென்றால் யூனிட்டை மேற்குப் பக்கம் வைத்துவிடலாமா? ஆடிக் காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். மதிய வெயிலும் மேற்கில்தான் அறையும். போதாததற்கு ஊரைச் சுற்றி உப்பளங்கள். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துக்கு. துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் நிலக்கரி முக்கியமானது என்பதால் அந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கரித்தூசியும் உண்டு.

சரியான ஒரே இடம் என்று எதுவும் இல்லை. ஆனால் சுமாரான இடத்தை நல்ல இடமாக்க முடியும். கடலுக்கு முகம் காட்டாமல், படிக்கட்டு அறையின் மறைவிலோ, கைப்பிடிச் சுவரின் மறைவிலோ யூனிட்டை வைக்கலாம். ஆனால் மறைவு என்ற பெயரில் மூலையில் திணித்துவிடக் கூடாது. வெளியே தள்ளிய சூடான காற்றையே யூனிட் திரும்ப உறிஞ்சினால், உப்பு செய்ய வேண்டிய வேலையை அந்தச் சூடே செய்துவிடும். பின்னாலும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பெட்டியோடு வரும் கையேட்டில் படம் போட்டிருக்கும். அந்தக் கையேடு பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

ஸ்டாண்டுக்குச் சாதாரண இரும்பு ஆங்கிளில் பெயின்ட் அடித்து மாட்டுவது இங்கே வேலைக்கு ஆகாது. முழுக்கத் துத்தநாகக் குளியல் போட்ட இரும்பு வேண்டும். போல்ட், நட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாட்டுகிற அன்று சில நூறு ரூபாய் வித்தியாசம்தான். சுவரில் தொங்கும் யூனிட்டுக்குக் கீழே நடைபாதையில் ஆள் நடப்பார்கள் என்பதை நினைத்தால் அந்தப் பணம் பெரிதாகத் தெரியாது.

ஒரு டன் என்றால் என்ன எடை?

கடைக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் டன் கணக்கு. ஒன்றரை டன் ஏ.சி-யின் எடை ஒன்றரை டன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எதற்கு அந்தப் பெயர்? இயந்திரம் வருவதற்கு முன்பு உலகம் பனிக்கட்டியால்தான் குளிர்ந்தது. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி மெட்ராஸ் வரை வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஓர் அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி தருமோ அதுதான் ஒரு டன் ஏ.சி. கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 3.5 கிலோவாட் சூட்டை அறையிலிருந்து வெளியேற்றும் திறன்.

'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க ஜவுளி ஆலைப் பொறியாளர். நூல் அறுந்து போகாமல் இருக்க ஆலைக்குள் ஈரப்பதத்தைச் சீராக வைப்பதுதான் அவருடைய கவலை. வருடம் 1906. அதே வருடம்தான் தூத்துக்குடியில் வ.உ.சி சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு நான்கு வருடம் முன்பு நியூயார்க்கில் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரமும் மனிதர்களுக்காக அல்ல, ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்காமல் இருப்பதற்காக. ஏ.சி பிறந்ததே ஈரத்தோடு சண்டை போடத்தான்.

தூத்துக்குடிக்கு இது ரொம்பப் பொருந்தும். சதுர அடியை மட்டும் வைத்து டன் சொல்லும் ஆளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கடல் காற்றின் ஈரத்தை வடிக்கவே ஏ.சி-யின் திறனில் கணிசமான பங்கு செலவாகும். ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவு திறக்கிறது, கிழக்கே கண்ணாடி இருக்கிறதா, மேல்மாடி ஓட்டா காங்கிரீட்டா, சமையல் உண்டா, எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்பவர்தான் கணக்குத் தெரிந்தவர். 'எதற்கும் ரெண்டு டன் கூடப் போட்டுக்கலாம்' என்பதும் தப்பு. தேவைக்கு மேல் பெரிய ஏ.சி சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை வடிக்க அதற்கு நேரம் இருக்காது. அறை ஜில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுக்கும். துணிக்கடையில் ஒருவிதப் புழுங்கல் வாடை வருவது பல நேரம் இதனால்தான்.

எம்.சி.பி ட்ரிப் ஆகிறதா? பெரிசா மாத்தாதீங்க!

இனி வயரிங். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், உயிர் போகிற இடம் இது.

எட்டரை டன் டக்டபிள் ஏ.சி ஒன்று சுமார் 10 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். மூன்று பேஸ் லைனில் ஒரு பேஸுக்கு 17, 18 ஆம்பியர். ஆனால் கம்ப்ரஸர் நேரடியாக ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ட்யூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட எம்.சி.பி வகையை இங்கே போட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் படக்கென்று விழும். மோட்டாருக்கென்று தனி வகை எம்.சி.பி இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? பண்டிகைக் கூட்டம், கடை முழுக்க வாடிக்கையாளர். எம்.சி.பி விழுகிறது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெரிய எம்.சி.பி-யை வாங்கி வந்து மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு விழுவதே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் எம்.சி.பி காப்பாற்றுவது ஏ.சி-யை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. வயர் தாங்கும் அளவைவிட எம்.சி.பி பெரிதாகிவிட்டால் முதலில் சூடாகி உருகப் போவது வயர்தான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, தெர்மோகோலுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல் அது நடக்கும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்றால் ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சொல்லுகிற வாயை அடைக்காதீர்கள்.

வயரின் கனத்தைத் தேர்ந்தெடுக்க ஆம்பியர் மட்டும் போதாது. தரைத்தள மீட்டர் போர்டிலிருந்து நாலாவது மாடி மொட்டை மாடி வரை எத்தனை மீட்டர் என்பதும் முக்கியம். தூரம் கூடக்கூட வோல்டேஜ் வழியிலேயே குறையும். குறைந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். பழைய வயர் இருக்கிறதே என்று அதிலேயே இரண்டு முனையை முறுக்கி, டேப் சுற்றி நீட்டுவது எங்கேயுமே தப்பு. உப்புக் காற்றில் அந்த டேப்புக்குள் செம்பு பச்சை பிடித்து, ஒரு நாள் அந்த இடமே கரியாகும். முனைக்கு லக் போட்டு, கிரிம்ப் செய்து, திருகை அதற்குரிய இறுக்கத்தில் இறுக்க வேண்டும். சில மாதம் ஓடியதும் ஒருமுறை திரும்பவும் இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கம்ப்ரஸரின் அதிர்வில் திருகு தளரும். கேபிள் பெட்டிக்குள் நுழைவது கீழிருந்துதான், அதுவும் கிளாண்டு போட்டு. மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். திறந்த ஓட்டை இருந்தால் பல்லியும் வரும். சர்க்யூட் போர்டின் இளஞ்சூட்டுக்குப் பல்லிக்கு ரொம்பப் பிரியம். பல்லி விழுந்து ஷார்ட் ஆன போர்டின் விலையைக் கேட்ட கடைக்காரர் அதற்கப்புறம் சகுனம் எதுவும் பார்க்க மாட்டார்.

மூன்று பேஸ் யூனிட்டில் இன்னொரு சிக்கல், பேஸ் வரிசை. மூன்று வயரில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஸ்க்ரோல் வகை கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரும், குளிர்ச்சி வராது. சீக்கிரம் நிறுத்தாவிட்டால் கம்ப்ரஸரே போய்விடும். மூன்றில் ஒரு பேஸ் மட்டும் போய்விட்டாலும் ஆபத்துதான், மிச்ச இரண்டில் மோட்டார் திணறி காயில் கருகும். கடலோரத்தில் மின்கம்பத்துப் பீங்கானில் உப்பு படிந்து, பனி பெய்யும் அதிகாலையில் லைனில் கோளாறு வருவது உண்டு. இதற்கெல்லாம் ஒரு சின்ன ரிலே இருக்கிறது. வரிசை மாறினாலோ, பேஸ் ஒன்று போனாலோ கான்டாக்டரை விடுவித்து யூனிட்டை நிறுத்திவிடும். கம்ப்ரஸர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

முதல் நாள் சூப்பர் எர்த்

மற்ற ஊர்களில் எர்த் குழி தோண்டினால் கரியும் உப்பும் போட்டு நிரப்புவார்கள். மண் மின்சாரத்தைச் சுலபமாக வாங்கிக்கொள்ளட்டும் என்பதற்காக. தூத்துக்குடியின் பல பகுதிகளில் மண்ணே உப்பு. குழாயை இறக்கி மீட்டரை வைத்தால் முதல் நாளே அருமையான ரீடிங் வரும். எலக்ட்ரீஷியன் கைகொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த அருமைதான் சிக்கல். மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும் அதே உப்பு மண், ஜி.ஐ குழாயையும் நன்றாகவே தின்கிறது. சில வருடங்களில் மண்ணுக்குள் குழாய் சல்லடையாகியிருக்கும். மேலே வயர் மட்டும் பத்திரமாக, பச்சைப் பசேலென்று தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் எர்த் இருக்கிறது, உண்மையில் இல்லை. அந்த நிலையில் மொட்டை மாடி யூனிட்டின் உடம்பில் கரன்ட் கசிந்தால், அது போவதற்கு இருக்கும் அடுத்த வழி யூனிட்டைத் தொடும் மனிதன். துணி காயப்போட மாடிக்கு வரும் அம்மாவாக இருக்கலாம், பந்து தேடி வரும் பையனாகவும் இருக்கலாம்.

அதனால் இங்கே செம்போ, செம்பு பூசிய ராடோ போடுவது நல்லது. எதைப் போட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை எர்த் மீட்டர் வைத்து அளந்து, ரீடிங்கைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டும் ஆர்.சி.சி.பி உயிருக்கு இரண்டாவது காவல். அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய வெறும் பொம்மை.

மாடியில் இருக்கும் ஆளின் உயிர்

நாலாவது மாடியில் மெக்கானிக் கான்டாக்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். தரைத்தளத்தில் மெயின் அணைந்திருக்கிறது. 'ஏன் ஏ.சி ஓடலை?' என்று கேட்டபடி கடையில் யாரோ ஒருவர் போய் ஸ்விட்சைத் தூக்கிவிடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தெரியாமல் செய்ததுதான். மேலே இருப்பவருக்குத் தெரிவதற்கு நேரமே இருக்காது.

அதனால்தான் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், மழை புகாத ஐசோலேட்டர் ஒன்று வேண்டும். அதை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே போர்டில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஓர் அட்டை. அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் கரன்ட் தேங்கியிருக்கும் என்பதால் சில நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். சுவரோரம் தொங்கி வேலை செய்பவருக்கு இடுப்புக் கயிறு போதாது, முழு உடல் பெல்ட் வேண்டும்.

இன்னொன்று கேஸ் லைன் சோதனை. பைப் ஜாயின்ட் எல்லாம் முடிந்ததும் கசிவு இருக்கிறதா என்று உயர் அழுத்தத்தில் காற்றடைத்துப் பார்ப்பார்கள். அதற்கு நைட்ரஜன் மட்டும்தான். ஆனால் பைப்பை வெல்டிங் செய்வதற்காக ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்கெனவே மாடியில் நிற்கும். நைட்ரஜன் சிலிண்டர் வந்திருக்காது. 'இதையே அடிச்சுப் பாத்துக்கலாம்' என்று தோன்றும் அந்த ஒரு நிமிடம்தான் உயிரைக் குடிப்பது. கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் அது வெடிகுண்டு. மாட்ட வரும் குழுவிடம் நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதற்குக் கடைக்காரருக்கு எந்த டெக்னிக்கல் அறிவும் தேவையில்லை.

கடையில் மூன்று பேஸ் வயரிங் செய்பவர் மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வேண்டும். ஐ.டி.ஐ-யில் குளிர்பதனம் மற்றும் ஏ.சி டெக்னீஷியன் படிப்பு இரண்டு வருடம். படித்துவிட்டு வந்த பையனையும், இரண்டு மாதம் பை தூக்கிய பையனையும் ஒரே கூலிக்குக் கேட்டால் யார் வருவார் என்று சொல்லத் தேவையில்லை.

காற்றே இல்லாத குழாய்

செம்புக் குழாயைச் சூடாக்கி இணைக்கும்போது உள்ளே மெதுவாக நைட்ரஜனை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் உட்சுவரில் கருப்புச் செதில் படியும். பிறகு அது உதிர்ந்து போய், நுண்ணிய வால்வை அடைக்கும். மழை வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று குழாயின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. அன்று ராத்திரியே கடலோர ஈரம் உள்ளே புகுந்துவிடும். புதிய வகை கம்ப்ரஸர் எண்ணெய் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெய் அமிலமாகி மோட்டார் காயிலை உள்ளிருந்தே அரிக்கும்.

அதற்குத்தான் வேக்குவம் பம்ப். காற்றின் சாதாரண அழுத்தம் 7,60,000 மைக்ரான். பம்ப் போட்டு அதை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதால், குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறிவிடும். பம்பை நிறுத்திவிட்டு, முள் அப்படியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரிய யூனிட்டில் இதற்கு மணிக்கணக்கில் ஆகும். பம்ப் ஓடும் நேரத்தில் பார்க்கிறவர்களுக்கு யாரும் வேலை செய்வதாகவே தெரியாது. 'சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, சீக்கிரம் கேஸைத் திறந்து விடுங்க' என்று அவசரப்படுத்தாமல், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

போர்டு எவ்வளவு உயரத்தில்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வருடக்கணக்கில் முழங்கால் உயரத்திலேயே இருந்த மீட்டர் போர்டுகளும், பின்சந்தில் தரையோடு தரையாக வைத்த அவுட்டோர் யூனிட்டுகளும் தண்ணீருக்குள் போயின.

அந்தத் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்ற கோடு இன்னும் சில சுவர்களில் தெரியும். புது ஏ.சி போடும்போது போர்டும் யூனிட்டும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். தண்ணீரில் மூழ்கிய யூனிட்டை, வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காக ஆன் செய்து பார்க்கக் கூடாது. மெகர் வைத்து மோட்டாரின் காப்புத்தன்மையை அளந்து பார்க்காமல் தொடவே கூடாது.

மீதிப் பணம் கொடுக்கும் முன்...

வேலை முடிந்து, கேஸ் திறந்து, ஜில்லென்று காற்று வந்ததும் எல்லோரும் கைதட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். மூன்று பேஸிலும் வோல்டேஜ் எவ்வளவு, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் எவ்வளவு, எர்த் ரீடிங் எவ்வளவு, வேக்குவம் எத்தனை மைக்ரானுக்கு இறங்கியது, கூடுதலாக எத்தனை கிராம் கேஸ் ஏற்றினார்கள், என்ன வகை கேஸ் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்-32 போல லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ் இன்று பரவலாகிவிட்டதால், நாளை ரிப்பேருக்கு வருபவருக்குக் கடைசித் தகவல் மிக முக்கியம். அந்தத் தாளை லேமினேட் செய்து போர்டு கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஏ.சி குளிரவில்லை என்றால், அன்று எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு என்று ஒப்பிட வேறு எதுவும் கையில் இருக்காது.

அப்புறம் கழுவுவது. தகட்டில் படியும் உப்பு நல்ல தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். உள்நாட்டு ஊர்களில் வருடத்துக்கு இரண்டு தடவை போதும் என்றால், கடலோரத்தில் மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, தகடு வளையாதபடி மெல்லிய பீச்சலில் உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரில் என்பதுதான் இங்கே கேள்வி. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் கடல் கொண்டுவந்து போட்ட உப்புக்கு மேலே இன்னொரு பூச்சு பூசியது மாதிரிதான். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கவே அளந்து பிடிக்கிற ஊரில் ஏ.சி-க்கு எங்கே போவது?

அதற்கு ஏ.சி-யே பதில் வைத்திருக்கிறது. இன்டோரிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர், காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது. அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. புழுக்கமான நாளில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கிடைக்கும். எட்டரை டன் ஏ.சி ஒரு பகல் ஓடினால் ஒரு டிரம் நிரம்பும். அதைப் பக்கத்து வீட்டுச் சன்ஷேடில் சொட்டவிட்டுச் சண்டை வாங்குவதற்குப் பதிலாக, ட்ரெய்ன் பைப்பைச் சரியான சரிவில் இறக்கி ஒரு மூடிய டிரம்மில் பிடித்து வைத்தால் மாதாந்திரக் கழுவலுக்கு அதுவே தாராளம். பைப் போடும்போதே டிரம்முக்கு இடம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.